பகடை தரும் ரகசியச் சொல்

பகடையை உருட்டினால் என்ன கிடைக்கும்?

ஆட்டத்தில் காய் நகரும். சூதாட்டத்தில் பணம் போகும்.

ஆனால், அதே பகடை ஒரு நல்ல பூட்டையும் தரும். கை தேர்ந்த திருடனாலும் உடைக்க முடியாத பூட்டு!

அந்தப் பூட்டு இரும்பினால் ஆனது அல்ல. குடை, தவளை, ஏணி என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சாதாரணச் சொற்களால் ஆனது.

பாங்கிப் பணம், சொந்தக் கடிதங்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் இன்று கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் "பாஸ்வேர்டு" என்ற ரகசியச் சொல். அந்தச் சொல் திருடனுக்குத் தெரிந்தால் வீட்டுக் கதவு திறந்த மாதிரிதான்.

அந்த ரகசியச் சொல்லை யார் தேர்ந்தெடுப்பது? மனிதனா, பகடையா?

இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

முதல் பூட்டும் முதல் திருட்டும்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற புகழ் பெற்ற கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே பெர்னாண்டோ கார்பட்டோ என்ற விஞ்ஞானி, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். 1961-ம் ஆண்டில் அதை இயக்கியும் காட்டினார்.

பல பேர் புழங்கும் இடத்தில் ஒருவர் பெட்டியை மற்றவர் திறந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள்.

ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம்தான் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தலாம் என்று கணக்கும் இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. 1962-ல் அவர் ஒரு யுக்தி செய்தார்.

எந்தக் கோப்பு வேண்டும் என்று ஒரு அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால், கம்ப்யூட்டர் அதை அச்சடித்துக் கொடுக்கும். ஷெர், எல்லோருடைய ரகசியச் சொற்களும் உள்ள கோப்பைக் கேட்டார்.

கம்ப்யூட்டர் ஏன் என்று கேட்கவில்லை. அச்சடித்துக் கொடுத்துவிட்டது!

அதன் பிறகு மற்றவர்கள் பெயரில் நுழைந்து தன் வேலையை முடித்துக்கொண்டார் ஷெர். உண்மையைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் வெளியிட்டார்.

மாவு அரிசி ஆகுமா?

ரகசியச் சொல்லை அப்படியே எழுதி வைப்பது ஆபத்து. வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

அரிசியை எந்திரத்தில் போட்டால் மாவு வரும். ஆனால் மாவை மறுபடியும் அரிசி ஆக்க முடியாது. அது போல, ரகசியச் சொல்லை ஒரு கணக்கில் போட்டு அரைத்து, வருகிற "மாவை" மட்டும் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும். சொந்தக்காரர் வந்து சொல்லைச் சொன்னால், அதையும் அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறக்கும்.

இப்போது திருடன் கோப்பைத் திருடினாலும் அவனுக்குக் கிடைப்பது மாவுதான்.

ஆனால் திருடன் சும்மா இருப்பானா? அவனும் ஒரு எந்திரம் வைத்துக்கொண்டான். "ராஜா" என்ற சொல்லை அரைத்துப் பார்க்கிறான். "ரோஜா" என்ற சொல்லை அரைத்துப் பார்க்கிறான். இப்படி ஒவ்வொன்றாக அரைத்து, எந்த மாவு ஒத்து வருகிறது என்று தேடுகிறான். கம்ப்யூட்டர் இந்த வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கில் செய்துவிடும்.

ஆகவே, திருடன் ஊகிக்க முடியாத சொல்தான் நல்ல ரகசியச் சொல்.

மனிதன் ஏன் தோற்கிறான்?

"யாருக்கும் தெரியாத சொல்லாக எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று கேட்கலாம்.

தெரியாது என்பதே கணக்குச் சொல்லும் பதில்.

1979-ம் ஆண்டில் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த 3,289 ரகசியச் சொற்களை அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

அதில் 15 பேர் ஒரே ஒரு எழுத்தை வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டு எழுத்து. 464 பேர் மூன்று எழுத்து. இன்னும் பலர் அகராதியில் உள்ள சொல்லையோ, ஆள் பெயரையோ வைத்திருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் 2,831 சொற்கள் எளிதில் அகப்பட்டன. அதாவது நூற்றுக்கு 86!

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பரில், ஒரு கம்ப்யூட்டர் "புழு" அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ரகசியச் சொல்லை ஊகிப்பது. அதற்காக 432 சொற்கள் கொண்ட பட்டியலை அது கையோடு வைத்திருந்தது.

அந்தப் புழுவை ஏவியவர் யார் தெரியுமா? கட்டுரை எழுதிய ராபர்ட் மாரிசின் மகன்! தகப்பனார் காட்டிய பலவீனம், மகன் கையில் ஆயுதம் ஆகிவிட்டது.

அதன் பிறகாவது மக்கள் திருந்தினார்களா? இல்லை. 2009-ம் ஆண்டில் "ராக்யூ" என்ற கம்பெனியிலிருந்து 3 கோடியே 20 லட்சம் ரகசியச் சொற்கள் திருட்டுப் போயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது எது? 123456!

நிபுணரின் வருத்தம்

"சின்ன எழுத்து, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வையுங்கள். அடிக்கடி மாற்றுங்கள்." இப்படி ஒரு விதி உலகம் முழுவதும் பரவியது. அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய நிறுவனத்தில் வேலை பார்த்த பில் பர், 2003-ல் எழுதிய குறிப்பே இதற்கு முக்கிய காரணம்.

மக்கள் என்ன செய்தார்கள்? பழைய சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். கடைசியில் 1 என்று போட்டார்கள். மாற்றச் சொன்னால் 1-ஐ 2 ஆக்கினார்கள். இந்தத் தந்திரம் எல்லாம் திருடனுக்கும் தெரியும். நினைவில் வைக்கத்தான் கஷ்டம், உடைப்பதற்கு அல்ல!

2017-ல் பில் பர் தாம் சொன்ன யோசனைக்காக வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும் விதியை மாற்றியது. குறிகளைக் கலக்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம், காரணம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமான ரகசியச் சொல்லுக்கு இடம் கொடுங்கள் என்றது.

சரி. நீளமாகவும் இருக்க வேண்டும், நினைவிலும் நிற்க வேண்டும், திருடனுக்கும் தோன்றக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒரே வழி உண்டா?

ஐந்து பகடை, ஒரு சொல்

உண்டு. அதை 1995-ல் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆர்னால்டு ரெயின்ஹோல்டு. அவர் முறைக்கு "டைஸ்வேர்" என்று பெயர்.

ஒரு பகடைக்கு ஆறு முகம். ஐந்து பகடைகளை வரிசையாக உருட்டினால் 11111 முதல் 66666 வரை 7,776 விதமாக விழலாம். ரெயின்ஹோல்டு 7,776 சொற்களைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை எண்ணைக் கொடுத்தார்.

ஐந்து பகடை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். ஆறு தடவை உருட்டினால் ஆறு சொற்கள். அவற்றைச் சேர்த்தால் ரகசிய வாசகம் தயார்.

2016-ல் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் பிரன்டியர் பவுண்டேஷன் என்ற சங்கம், இன்னும் எளிய சொற்களாகப் பொறுக்கி, அதே 7,776 கணக்கில் புதிய பட்டியல் வெளியிட்டது. பட்டியல் எந்த மொழியில் இருந்தாலும் கணக்கு ஒன்றேதான்.

இதைத் தொழிலாகவே செய்தாள் ஒரு சிறுமி! நியூயார்க் நகரத்தில் 11 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, 2015-ல் பகடை உருட்டி ஆறு சொற்களை எடுத்து, தன் கையாலேயே காகிதத்தில் எழுதி, தபாலில் அனுப்பினாள். விலை 2 டாலர்.

ஒரு சந்தேகம்

"பட்டியல்தான் எல்லோருக்கும் தெரியுமே! திருடனும் அதை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டானா?"

நல்ல கேள்வி. திருடனிடம் பட்டியல் இருக்கட்டும். ஆறு சொற்கள் என்பதும் அவனுக்குத் தெரியட்டும். ஆனாலும் அவனால் ஆகாது. ஏன்?

ஒரு சொல் என்றால் 7,776 விதம். இரண்டு சொல் என்றால் 7,776-ஐ அதே எண்ணால் பெருக்க வேண்டும். 6 கோடியே 4 லட்சத்து 66 ஆயிரத்து 176 விதம்! ஒவ்வொரு சொல் கூடும்போதும் 7,776 மடங்கு பெருகும். ஆறு சொற்களுக்கு வரும் எண்ணை எழுத வேண்டுமானால், 22 என்று எழுதி அதன் பின்னால் சுமார் 22 பூஜ்யங்களைப் போட வேண்டும்.

திருடனின் எந்திரம் ஒரு விநாடிக்கு 1 லட்சம் கோடி தடவை அரைத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எட்டுச் சின்ன ஆங்கில எழுத்துக்கள்: கால் விநாடி கூட ஆகாது.

மூன்று சொற்கள்: அரை விநாடி.

நான்கு சொற்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

ஐந்து சொற்கள்: சுமார் 11 மாதம்.

ஆறு சொற்கள்: சுமார் 7,000 ஆண்டுகள்!

அதிர்ஷ்டத்தால் பாதியிலேயே அகப்பட்டாலும் 3,500 ஆண்டுகள். திருடன் மட்டுமல்ல, அவன் வம்சமே காத்திருக்க வேண்டும்.

2011-ல் அமெரிக்கச் சித்திரக்காரர் ராண்டல் மன்றோ ஒரு வேடிக்கைச் சித்திரம் போட்டார். 2,048 சொற்களிலிருந்து நான்கு சொல் எடுத்தால் போதும், அதை உடைக்க 550 ஆண்டுகள் ஆகும் என்று அதில் காட்டினார். அது திருடன் விநாடிக்கு 1,000 தடவை மட்டும் முயலும்போது வரும் கணக்கு. வாசலில் நின்று கதவைத் தட்டுகிற திருடனுக்கு அது பொருந்தும். கோப்பையே திருடிக்கொண்டு போய் விநாடிக்கு 1 லட்சம் கோடி தடவை அரைக்கிறவனுக்கு, அதே நான்கு சொல் 18 விநாடிதான் தாங்கும்.

நல்ல கம்பெனிகள் வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் கணக்கைப் பயன்படுத்துகின்றன. அங்கே திருடன் பாடு திண்டாட்டம். ஆனால் எந்தக் கம்பெனி எப்படி அரைக்கிறது என்பது வாடிக்கைக்காரருக்குத் தெரியாது. ஆகவே ஆறு சொல் வைப்பதே புத்திசாலித்தனம்.

கம்ப்யூட்டரே உருட்டட்டும்

ஆறு சொல்லுக்கு முப்பது பகடை எண் வேண்டும். பட்டியலையும் ஆறு தடவை புரட்ட வேண்டும். இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்டால் என்ன?

விடலாம். அதற்கு "ஸ்கிரிப்ட்" எழுத வேண்டும். இது பெரிய வித்தை அல்ல. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று சமையல் குறிப்பு போல வரிசையாக எழுதுவதுதான் ஸ்கிரிப்ட். படம், பொத்தான் எதுவும் இல்லாத திரையில் ஒரு வரியில் அதன் பெயரைத் தட்டினால் வேலை நடக்கும். அந்த வரிக்குக் கட்டளை வரி என்று பெயர்.

"பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழியில் பத்து வரிக்குள் இதை எழுதிவிடலாம். அதில் உள்ள குறிப்பு இதுதான்:

1. சொற்பட்டியல் உள்ள கோப்பைத் திற.

2. ஒரு வரிக்கு ஒரு சொல்லாகப் படித்து, வரிசையாக வைத்துக்கொள்.

3. மொத்தம் 7,776 சொற்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார். ஒரே சொல் இரண்டு தடவை வந்திருக்கிறதா என்றும் பார். குறை இருந்தால் நிறுத்திவிடு.

4. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல்லை எடு. இப்படி ஆறு தடவை செய்.

5. சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டுச் சேர்.

6. திரையில் காட்டு.

அவ்வளவுதான். எத்தனை சொல் வேண்டும் என்பதைக் கட்டளை வரியிலேயே சொல்லும்படியும் செய்யலாம். சொல்லாவிட்டால் ஆறு என்று வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது படி வீண் வேலை என்று எண்ணக் கூடாது. கோப்பு பாதியில் அறுந்து, 100 சொற்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அப்போதும் ஸ்கிரிப்ட் ஆறு சொல் கொடுக்கும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் திருடனுக்கு 7,000 ஆண்டு வேலை ஒரே விநாடியில் முடிந்துவிடும்!

கம்ப்யூட்டருக்குக் கண்ணை மூடத் தெரியுமா?

நான்காவது படியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது.

கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் செய்யும் எந்திரம். அதற்குத் தானாக எதுவும் தோன்றாது. "ஏதாவது ஒரு எண் சொல்" என்றால், அது ஒரு கணக்கைப் போட்டுத்தான் சொல்லும். கணக்கு தொடங்கிய இடம் தெரிந்தால், அடுத்து வரும் எண்கள் எல்லாம் திருடனுக்கும் தெரிந்துவிடும்.

1995-ல் இது நடந்தது. "நெட்ஸ்கேப்" என்ற பிரபலமான கம்ப்யூட்டர் செயலி, ரகசிய எண்ணை உண்டாக்க கடிகார நேரத்தையும், கம்ப்யூட்டரில் ஓடும் வேலைகளின் வரிசை எண்களையும் மட்டும் நம்பியிருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இயன் கோல்டுபர்க், டேவிட் வாக்னர் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். நேரம்தான் எல்லோருக்கும் தெரியுமே! ரகசிய எண்ணை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள்.

பூட்டு கெட்டியாக இருந்தது. சாவி செய்த விதம் தவறு.

அப்படியானால் கம்ப்யூட்டருக்குப் பகடை எங்கே கிடைக்கும்? அதற்கும் வழி இருக்கிறது. விசைகளைத் தட்டும்போது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே உள்ள நேரம் ஒரே மாதிரி இருக்காது. கம்ப்யூட்டரின் உள்ளே நடக்கும் வேலைகளுக்கும் அப்படியே. விநாடியில் மிகச் சிறு பின்னங்களாக மாறும் இந்த வித்தியாசங்களைச் சேர்த்துக் கலக்கி, யாரும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கலாம். "லினக்ஸ்" கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதியை 1994-ல் செய்து கொடுத்தவர் தியோடர் சோ.

பைத்தான் மொழியில் எண் எடுக்க இரண்டு கருவிகள் உண்டு. "ரேண்டம்" என்பது பழையது. விளையாட்டுக்கும் ஆராய்ச்சிக் கணக்குக்கும் அது ஏற்றது. ரகசியத்துக்கு அதைத் தொடாதீர்கள் என்று பைத்தான் கையேடே எச்சரிக்கிறது. "சீக்ரெட்ஸ்" என்பது ரகசியத்துக்கென்றே 2016-ல் சேர்க்கப்பட்டது. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் இந்த ஒரு சொல்லைத் தவறாகப் போட்டால், மற்ற எல்லா வரிகளும் சரியாக இருந்தும் பயன் இல்லை.

தவளை கதை

ஸ்கிரிப்ட் ஆறு சொற்களைக் கொடுத்துவிட்டது. குடை, தவளை, ஏணி, மிளகு, ஜன்னல், பஞ்சு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லை. எப்படி நினைவில் வைப்பது?

ஒரு கதை கட்ட வேண்டும். குடை பிடித்த தவளை ஏணியில் ஏறியது. அங்கே இருந்த மிளகைக் கடித்தது. காரம் தாங்காமல் ஜன்னல் வழியே பஞ்சு மூட்டையில் குதித்தது!

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தால் மறக்காது. குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள். ஆனால், பத்திரிகையில் வந்துவிட்ட இந்த ஆறு சொற்களை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது!

கவனிக்க வேண்டியவை

வந்த சொல் பிடிக்கவில்லை என்று அதை எடுத்துவிட்டு, மகள் பெயரையோ சொந்த ஊரையோ போடக் கூடாது. அங்கே மறுபடியும் மனிதன் புகுந்துவிடுகிறான்.

சொற்களின் வரிசையையும் அழகுக்காக மாற்றக் கூடாது. கதையை வரிசைக்கு ஏற்றபடி கட்டலாம்.

ஒரே வாசகத்தைப் பல இடங்களில் வைக்கக் கூடாது. ஓர் இடத்தில் திருட்டுப் போனால் எல்லாக் கதவும் திறந்துவிடும்.

ரகசிய வாசகத்தைக் கட்டளை வரியில் தட்டக் கூடாது. அங்கே தட்டுவதைக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும்.

மனப்பாடம் ஆகும் வரை காகிதத்தில் எழுதி, நகைப் பெட்டியில் வைத்தால் குற்றம் இல்லை. தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டர் திருடனுக்கு வீட்டுப் பெட்டி எட்டாது. ஆனால் அதே காகிதத்தை மேஜை மேல் ஒட்டி வைப்பது, பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

பாங்கிக்காரர் என்று சொல்லிக்கொண்டு யாராவது டெலிபோனில் கேட்டால் சொல்லவே கூடாது. ஆறு சொல் அல்ல, அறுபது சொல் இருந்தாலும் தானே வாயைத் திறந்து சொல்லிவிட்டால் பகடை என்ன செய்யும்?

மனிதன் தலையில் தோன்றுவது, இன்னொரு மனிதன் தலையிலும் தோன்றும். பகடையில் விழுவது யார் தலையிலும் தோன்றாது. ரகசியச் சொல்லின் பலம் அங்கேதான் இருக்கிறது.